எங்கள் வீட்டு இங்கிலீஷ்காரி

செய்தி மேசையில் சேர்ந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட வேலைகளில் ஒன்று, ‘இருந்திருந்தால்’ என்று வரும் வாக்கியத்தை வெட்டுவது. மழை பெய்திருந்தால் ஏரி நிரம்பியிருக்கும் என்று நிருபர் எழுதி அனுப்புவார். மழை பெய்யவில்லை, ஏரி நிரம்பவில்லை என்று மாற்றி அச்சுக்கு அனுப்புவேன். நடந்ததுதான் செய்தி. புதுச்சேரியில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக எனக்கு இதுதான் பிழைப்பு.

என் தங்கைக்கு அந்த ‘இருந்திருந்தால்’தான் பிழைப்பு.

அவள் சுற்றுலா வழிகாட்டி. கல்லூரியில் பிரெஞ்சு படித்தாள். கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண் பிரெஞ்சு படித்து என்ன செய்யப்போகிறாள் என்று ஊரில் கேட்டார்கள். கேட்டவர்களின் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து உறவுக்காரர்கள் வந்தபோது பேச்சுக்குத் துணையாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். இப்போது டவுனில் ஒரு சிறிய பயண நிறுவனத்தில் வேலை. காலை வெயில் ஏறுவதற்குள் வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையிலிருந்து புறப்படுவாள். பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில் நிறுத்தி, ஒரு கேள்வி கேட்பாள்.

“இங்கிலீஷ்காரர்கள் இந்த ஊரைத் திருப்பிக் கொடுக்காமலே இருந்திருந்தால், நீங்கள் இப்போது எங்கே நின்றுகொண்டிருப்பீர்கள்?”

கேள்வியில் கற்பனை குறைவு. இந்த ஊரை இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பலமுறை பிடித்திருக்கிறார்கள். ஒருமுறை தரைமட்டமாக இடித்தும் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவில் யாரோ கையெழுத்துப் போட, ஊர் திரும்பக் கைமாறியது. ஒரு கையெழுத்து விழாமல் போயிருந்தால் கதையே வேறு. பயணிகள் தலையைச் சொறிவார்கள். அவளே பதில் சொல்வாள்: “தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில். எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காத ஊர். உங்களை யாரும் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். எனக்கும் வேலை இருந்திருக்காது.” பெரும்பாலும் சிரிப்பார்கள்.

பிறகு மற்ற அரசுகளின் பங்கு வரும். இடையில் சில ஆண்டுகள் ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், இந்த ஊரை வைத்திருந்தார்கள். அவர்கள் போகாமல் இருந்திருந்தால்? போனாலும் ‘துட்டு’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் போனார்கள், ‘கக்கூஸ்’ என்ற சொல்லையும். போர்த்துகீசியர்கள் ‘சாவி’, ‘ஜன்னல்’ கொடுத்தார்கள். எங்கள் கரையில் தினமும் காலையில் மீனை ‘ஏலம்’ விடுகிறோமே, அந்தச் சொல்லும் அவர்களுடையதுதான். இதையெல்லாம் அவள் பிரெஞ்சில் சொல்லி முடித்து, பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துப் போவாள். அங்கே பூக்கடை வரிசையில் நடை முடியும்.

பிரச்சினை இந்த முடிவில்தான் வந்தது. முதலாளி அச்சடித்துக் கொடுத்த வழி, வாய்க்காலின் கிழக்குப் பக்கத்திலேயே, பழைய பிரெஞ்சு வீடுகளின் மஞ்சள் சுவர்களுக்கு நடுவில் ஒரு காபிக் கடையில் முடிகிறது. ஒரு பயணி ஊருக்குப் போய், ‘பிரெஞ்சு நகரத்தைப் பார்க்க வந்தோம், வழிகாட்டிப் பெண் ஒல்லாந்தரையும் இங்கிலீஷ்காரரையும் பற்றியே பேசினாள், கடைசியில் மார்க்கெட் சேற்றில் நிறுத்திவிட்டாள்’ என்று இணையத்தில் எழுதிவிட்டார்.

முதலாளி கெட்டவர் அல்ல. அவருடைய குடும்பம் சொல்தா குடும்பம். பாட்டனார் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்; அப்படிப்பட்ட வீடுகளை இன்றும் சொல்தா வீடு என்றுதான் சொல்கிறோம். முதலாளியிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. பிரான்சில் தேர்தல் என்றால் இங்கே சட்டையை இஸ்திரி போட்டு ஓட்டுப் போடப் போவார். பிரான்சைப் பற்றி யாராவது குறைத்துப் பேசினால் அவருக்கு வீட்டைப் பற்றிப் பேசியது மாதிரி இருக்கும்.

“இந்த ஞாயித்துக்கெழம நானே கூட வர்றேம்மா,” என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். “உன் நடைய முழுசாப் பாக்குறேன். சரிப்பட்டா இருக்கட்டும். இல்லன்னா நீ சென்னை ஏர்போர்ட்டு பிக்கப்பு வேலையப் பாரு.”

ஏர்போர்ட் பிக்கப் என்றால் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பிரெஞ்சில் ‘வாருங்கள்’, ‘பெட்டி எங்கே’ இரண்டு போதும்.

எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, ஞாயித்துக்கெழம காலைல ஃப்ரீயா?”

“சாயங்காலம்தான் ஆபீஸ். ஏன்?”

“எங்கூட நடக்க வா. பரீட்ச வெச்சிருக்காரு.”

“நான் வந்து என்னா பண்ணப் போறேன்?”

“ஒண்ணும் பண்ணாத. வாயத் தொறக்காத. பின்னாடியே வா. தப்புக் கண்டுபுடிக்கிறவ ஒருத்தி கூட வந்தா நான் ஒழுங்காப் பேசுவேன்.”

“அப்ப அந்தக் கேள்விய விட்டுடு. காபிக் கடையில முடி. வேல மிஞ்சும்.”

“நீ பேப்பர்ல வெட்டு. என் வாயில வெட்டாத,” என்று வைத்துவிட்டாள்.

மேலே போவதற்குமுன் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு: இங்கிலீஷ்காரி. அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழில் பஸ் போர்டு படிப்பாள். அவள் பிறந்த குப்பம் எங்கள் ஊருக்கு வடக்கே, மணலில் நடந்தே போய்விடலாம். நடுவில் எல்லை. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆண்டது, அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரர் ஆண்டது. அம்மா பிறந்தபோது இரண்டு கொடிகளும் இறங்கிவிட்டிருந்தன. ஆனாலும் அப்பாவின் வீட்டார் அந்தப் பக்கத்தை ‘இங்கிலீஷ் பக்கம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பெண் எடுத்ததால் அவள் இங்கிலீஷ்காரி. குழம்பில் புளி கூடினால் அத்தை சொல்வாள்: “இங்கிலீஷ்காரி கைப்பக்குவம் அப்படித்தான்.” அம்மா விடமாட்டாள்: “ஆமா, பிரெஞ்சுக்காரி நீ வெச்சா பன்னீரா ஊத்துவே!”

அம்மா விடியலில் எங்கள் கரையில் ஏலம் எடுத்து, மீன் கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு வருகிறவள். இரண்டு பெண்களும் வேலைக்குப் போகிறோம், வீட்டில் இரு என்று சொல்லிப் பார்த்தோம். “வீட்டுல குந்திக்கினு உங்க அப்பன் மூஞ்சியப் பாக்கவா?” என்றாள். தங்கையிடம் மட்டும் ஒரு கட்டளை: “ஊரு சுத்திக் காட்டு. எங் கடைப் பக்கம் இட்டாராத. யாவாரம் கெடும்.” அதனால்தான் தங்கை எப்போதும் பூக்கடை வரிசையோடு நிறுத்திக்கொள்வாள்.

ஞாயிறு காலை நான் போனபோது கலங்கரை விளக்கத்தடியில் சிறிய குழு ஒன்று நின்றிருந்தது. எல்லோரும் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அவர்களில் உயரமான ஒருவர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். முதலாளி வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்றார்; ‘பேப்பர்ல இருக்குற அக்கா’ என்று தங்கை என்னை அவரிடம் சொன்னாள். எனக்குப் பிரெஞ்சு காதுக்குப் புரியும், வாய்க்கு வராது. கடைசியில் நின்றுகொண்டேன்.

தங்கை நேராக என் கண்ணைப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பயணிகள் சிரித்தார்கள். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

கிழக்குத் தெருக்களில் நடந்தோம். ஒரு சந்திப்பில் ஆசிரியர் நின்றார். நான்கு பக்கமும் தெருக்கள் நூல் பிடித்தது போல் ஓடின. ஒரு முனையில் கடல் தெரிந்தது.

“மற்றதை விடுங்கள்,” என்றார் ஆசிரியர். “இந்த நேர்க்கோடுகள் போதும். பிரெஞ்சு மனம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?”

முதலாளியின் முகம் மலர்ந்தது. அந்த இடத்தில் தங்கை ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் அவள் வேலை அவளுடையது.  

“இந்தக் கோடுகளைப் போட்டவர்கள் ஒல்லாந்தர்கள், ஐயா,” என்றாள் தங்கை. “அவர்கள் கையில் ஊர் இருந்த சில ஆண்டுகளில் வரைந்த படம் இருக்கிறது. ஊர் திரும்பக் கைக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் திட்டத்தையே எடுத்துக்கொண்டார்கள். நல்லதை நல்லது என்று கண்டுகொண்டதும் பிரெஞ்சு மனம்தானே?”

“படம் எங்கே இருக்கிறது?”

“அவர்கள் நாட்டு ஆவணக் காப்பகத்தில். நகல்கள் கிடைக்கும். அதில் நெசவாளர்களுக்கும் தெருக்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நேர்த் தெரு எதற்கு என்று நெசவாளரிடம் கேட்டால் சொல்வார். தறிக்குப் பாவு நூல் நீட்ட நேரான இடம் வேண்டும்.”

நெசவாளரைப் பற்றிய கடைசி வரி அவளுடைய சொந்த ஊகம் என்று நினைக்கிறேன். பத்திரிகையில் என்றால் ‘கூறப்படுகிறது’ சேர்த்திருப்பேன். ஆனால் மற்றது சரி. ஆசிரியர் தெருவின் இரண்டு முனைகளையும் மறுபடி பார்த்தார். முதலாளி என்னிடம் வந்து தமிழில் முணுமுணுத்தார்: “உங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தானா? பேப்பர்ல நீங்க திருத்துறீங்க, ரோட்டுல இது திருத்துது.”

வாய்க்காலை அடைந்தபோது முதலாளி குரல் கொடுத்தார்.

“எங்கம்மா போறே? காபிக் கடை இந்தப் பக்கம்.”

“காபி அந்தாண்டயும் கெடைக்கும் மிசே,” என்று பிரெஞ்சு ‘ஐயா’வையும் சேர்த்துச் சொல்லி, திரும்பிப் பார்க்காமல் பாலத்தில் ஏறினாள். குழு அவள் பின்னால் போனது. வேறு வழியில்லாமல் முதலாளியும் போனார்.

பூக்கடை வரிசையின் வாயிலில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி குறுக்கே நின்றது. சுமைக்காரர்கள், “ஒத்து, ஒத்து! முதுகு, முதுகு!” என்று வழி கேட்டுக் கத்திக்கொண்டு தாரோடு வந்தார்கள். நிற்கவும் இடமில்லை, திரும்பவும் இடமில்லை. கூட்டம் எங்களை மீன் பக்கம் தள்ளியது. தங்கை என்னைப் பார்த்தாள். அந்த ஒரு முறைதான் அவள் முகத்தில் பயம் பார்த்தேன்.

மீன் பக்கத்தில் தரை ஈரம். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களைக் கண்டதும் கூவினார்கள். “மதாம், வஞ்சரம்! மிசே, எறா பாருங்க, பெரிய எறா!” பயணிகள் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அம்மாவின் கடை உள்ளே, தூண் ஓரம். அவள் குனிந்து ஒரு சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அப்படியே தாண்டிப் போயிருப்போம்.

எதிர்க்கடைக்காரி பார்த்துவிட்டாள். மார்க்கெட்டே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஏ இங்கிலீஷ்காரி! உம் பொண்ணு வெள்ளக்காரங்கள இட்டாந்திருக்குது பாரு!”

அந்த வாக்கியத்தில் பயணிகளுக்குப் புரிந்தது ‘இங்கிலீஷ்’ என்ற ஒரே சொல்தான். ஆசிரியர் நின்றார்.

“இங்கே ஓர் இங்கிலீஷ்காரி இருக்கிறாரா?”

எல்லோரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். ஓர் அம்மையார் நுனிக்காலில் எக்கி, தலைகளுக்கு மேல் தேடினார். முதலாளிக்கும் புரியவில்லை. அவர் டவுன்காரர், எல்லைக் குப்பத்துப் பேச்சு அவருக்கு எட்டாதது. “யாரும்மா இங்கிலீஷ்காரி? இங்க ஏது இங்கிலீஷ்காரி?”

தங்கை தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“இவர்தான்,” என்றாள் பிரெஞ்சில். “என் அம்மா.”

செதிலும் ரத்தமும் ஒட்டிய கையோடு அம்மா நிமிர்ந்தாள். முதலில் மகளை முறைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, புறங்கையால் முடியை ஒதுக்கிக்கொண்டாள். தங்கை விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். பிறந்த குப்பம், நடுவில் எல்லை, அத்தையின் கேலி. சொல்லி முடித்ததும் சிரிப்பு எழுந்தது. அது யாரையும் சின்னவராக்கும் சிரிப்பாக இல்லை.

ஆசிரியர் முன்னால் வந்தார். “இரண்டு பக்கமும் வாழ்ந்தவர் இவர். என்ன வித்தியாசம் என்று கேளுங்கள்.”

“என்னா கேக்குறாரு?” என்றாள் அம்மா.

“இங்கிலீஷ் பக்கத்துக்கும் பிரெஞ்சு பக்கத்துக்கும் என்னா வித்தியாசம்னு கேக்குறாரும்மா.”

அம்மா கத்தியைப் பலகையில் வைத்தாள். “அந்தாண்ட கல்யாணம்னா ஆம்பளைங்க குடிக்கிறதுக்கு இங்க வருவானுங்க. இந்தாண்ட கல்யாணம்னா இங்கயே வுழுந்து கெடப்பானுங்க. அதான் வித்தியாசம்.”

தங்கை ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். எதிர்க்கடைக்காரி, “இன்னாடி சொன்னே, அவ்ளோ சிரிக்கிறாங்க?” என்று கேட்டாள்.

“வேற எதுவும் இல்லையா?” என்றார் ஆசிரியர்.

அம்மா யோசித்தாள். “வந்த புதுசுல ஒண்ணு. எங்க பக்கம் பஞ்சாயத்துன்னா பஞ்சாயத்து. இங்க எதுக்கெடுத்தாலும் கொம்யூன், கொம்யூன்னு சொல்லுவாங்க. கொழாயில தண்ணி வரல, யாரப் பாக்குறதுன்னு கேட்டா, கொம்யூன்ல கேளுன்னாங்க. நானு அது யாரோ பெரிய ஆளு பேருன்னு நெனச்சிக்கினேன். கொடத்தத் தூக்கிக்கினு நேராப் போயி, ‘யாருய்யா இங்க கொம்யூனு? வெளிய வரச் சொல்லு!’ன்னு வாசல்ல நின்னு கத்துனேன்.”

“வந்தாரா?” என்று கேட்டவர் முதலாளி. அவர் அதுவரை ஓரமாக நின்றிருந்தார்.

“வந்தாரே! ஒரு ஆளு வெளிய வந்து, ‘நான்தாம்மா கொம்யூனு, என்னா வேணும்?’னாரு. மறுநாளு தண்ணி வந்துச்சு.”

முதலாளி சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். தங்கை மொழிபெயர்க்கும் முன்பே பயணிகள் ‘கொம்யூன்’ என்று தங்கள் சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சொன்னார், தம் கிராமத்திலும் கொம்யூன் வாசலில் அப்படி நின்று கத்த வேண்டியிருக்கிறது, ஆனால் யாரும் வெளியே வருவதில்லை என்று.

சிரிப்பு அடங்கியதும் அம்மா முதலாளியைப் பார்த்தாள்.

“நீங்கதான் எம் பொண்ண ஏர்போட்டுக்கு அனுப்பப் போற மொதலாளியா?”

“அது வந்தும்மா, இன்னும் முடிவு பண்ணல. நடக்காத கதையெல்லாம் சொல்லுதுன்னு ஒரு புகாரு…”

“எது நடக்காத கத? இங்கிலீஷ்காரன் பக்கம் எப்படி இருந்திருக்கும்னு கேக்குறாங்க. இருந்தவ நானே குந்திக்கினு இருக்கேன்ல?”

அம்மா மறுபடி மீனை எடுத்துச் செதில் சீவத் தொடங்கினாள். அவளைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது. எனக்கு அங்கே நின்றபடி ஒன்று விளங்கியது. இத்தனை ஆண்டுகளாக ‘நடக்கவில்லை’ என்று நான் வெட்டிப்போட்ட ஒன்று, எங்கள் வீட்டுக்கு வடக்கே நிஜமாகவே நடந்திருக்கிறது. எல்லைக் கோட்டை வேறு பக்கம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள். எங்கள் கடற்கரையில் அது அடுத்த குப்பம். அங்கிருந்து பெண் எடுத்து, பெண் கொடுத்து, இரண்டு பக்கத்துச் சொல்லையும் ஒரே அடுப்பில் போட்டுக் கிண்டியவர்கள் நாங்கள். எந்த அரசு கையெழுத்துப் போட்டாலும் விடியலில் ஏலம் போட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான். அந்த ஈரத் தரையில் நின்றபோது எனக்கு வந்த பெருமையை நான் எந்தத் தலைப்பிலும் அடக்கியிருக்க முடியாது.

ஆசிரியர் அந்தச் சங்கராவைக் காட்டி விலை கேட்டார். அவர்கள் தங்கியிருந்த வீட்டில் சமையலறை இருந்ததாம். முதலாளி தாமாகவே நடுவில் வந்து பேரம் பேசினார்.

“கொஞ்சம் பாத்துப் போடும்மா, பிரான்ஸ்லேந்து வந்திருக்காரு.”

“பிரான்சு வெலயும் கெடையாது, இங்கிலீசு வெலயும் கெடையாது. மார்க்கெட்டு வெல. புடிச்சா எடுத்துக்கோ மிசே.”

அவள் கடைசிச் சொல்லை ஆசிரியரிடம் சொன்னாளா முதலாளியிடம் சொன்னாளா தெரியவில்லை. இருவரும் தலையாட்டினார்கள்.

திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் முதலாளி தங்கையை நிறுத்தினார். காலணியில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டே பேசினார்.

“அந்தக் கேள்விய கலங்கர வெளக்கத்தடியில கேக்காத. எடுத்தவொடனே கேட்டா கோவம் வருது. கடைசியில கேளு. அம்மா கடையில வந்து கேளு. அங்கயே முடி.”

“அப்ப ஏர்போர்ட்டு?”

“அதுக்கு வேற ஆளப் பாத்துக்குறேன். ஆனா அந்த நெசவாளர் கதைக்கு எனக்கு ஆதாரம் வேணும்.”

“அத நானும் கேக்கணும்னு இருந்தேன்,” என்றேன். தங்கை என் காலை மிதித்தாள்.

அம்மாவின் சம்மதம் எளிதில் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் போனில் தங்கை கெஞ்சினாள்.

“நானு என்னா மியூசியமா, தினம் வந்து பாக்குறதுக்கு?”

“தினம் இல்லம்மா. ஞாயித்துக்கெழம மட்டும்.”

“ஞாயித்துக்கெழமதான் யாவாரமே. வர்றவங்க மீனு வாங்கணும். வாங்காதவங்க தூணுக்கு அந்தாண்ட நிக்கணும். வாடிக்கய மறைக்கக் கூடாது. போட்டோ எடுத்தா மூஞ்சி கழுவுன பொறவுதான் எடுக்கணும். ஒத்துக்கினா வா.”

தங்கையும் முதலாளியும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது நடை அங்கேதான் முடிகிறது. மற்ற மீன்காரிகளும் பயணிகளைப் பார்த்ததும், “இங்கிலீஷ்காரி கடையா? நேராப் போயி தூணுகிட்ட!” என்று கை காட்டுகிறார்கள். நேராகப் போ என்பதைப் பிரெஞ்சில் சொல்ல எதிர்க்கடைக்காரி கற்றுக்கொண்டுவிட்டாள். அம்மா கற்றுக்கொள்ளவில்லை. அவள் கடைக்கு வருகிறவர்கள் ‘சங்கரா’, ‘வெல’, ‘கொம்யூன்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் முதலாளி புதிய துண்டுப் பிரசுரத்தின் தமிழ்ப் பிரதியை என்னிடம் பிழை பார்க்க அனுப்பினார். ‘பிரெஞ்சுக்காரர் வகுத்த நேர்த் தெருக்கள்’ என்பது ‘ஒல்லாந்தர் வகுத்து, பிரெஞ்சுக்காரர் வளர்த்த நேர்த் தெருக்கள்’ என்று மாறியிருந்தது. நெசவாளர் வரியில் ‘கூறப்படுகிறது’ இருந்தது. கடைசிப் பக்கத்தில், ‘இங்கிலீஷ்காரர்கள் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால்?’ என்று பெரிய எழுத்தில் ஒரு கேள்வி. கை பழக்கத்தில் பேனா அந்தச் சொல்லுக்கு மேல் போய் நின்றது. வெட்டவில்லை. கீழே, அம்மா சொல்லி அனுப்பிய ஒரு வரியை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்:

‘மீன் வாங்குவோர் பை கொண்டு வரவும்.’